அடமென்ட் மங்காவும் வாந்தி ஸ்டாப்பிங்கும்

போன வாரம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். வகுப்பாசிரியை நல்ல பெண். முதலில் கணக்கைப் பாராட்டினார், பிறகு கையெழுத்தைப் பாராட்டினார். இரண்டு பாராட்டு சேர்ந்தாற்போல் வந்தால் பின்னால் வேறு ஏதோ வருகிறது என்பது என் வயதில் எல்லோருக்கும் தெரியும். வந்தது. “பட் மேடம், ஷீ ஈஸ் வெரி அடமென்ட்” என்றார். ஆண்டுவிழா நாடகத்தில் மகளை மரமாக நிற்கச் சொன்னார்களாம். அவள் புலி வேஷம்தான் வேண்டும் என்றாளாம். புலி ஏற்கெனவே இருக்கிறதே என்றதற்கு, காட்டில் ஒரு புலிதான் இருக்குமா என்று கேட்டாளாம்.

நான் சிரித்துவிட்டேன். ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துபோயிருக்க வேண்டும். உண்மையில் நான் மகளை நினைத்துச் சிரிக்கவில்லை. ‘அடமென்ட்’ என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு மூக்கில் வாசனை வரும். டீசல், எலுமிச்சம்பழம், முதல்நாள் வைத்து வாடிப்போன மல்லி, ஈரம் காயாத தலையில் அவசரமாகத் தேய்த்த தேங்காயெண்ணெய், யாரோ மூடி சரியாக மூடாத புளிசாதம். இத்தனையும் சேர்ந்தால் எங்கள் கம்பெனி பஸ். அந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுதான்.

இப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அப்போது உத்திரமேரூரில் இருந்தோம். காலேஜில் பி.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம் படித்துவிட்டு, அதற்கு மேல் அதுவும் என்னைத் தாங்காது, நானும் அதைத் தாங்கமாட்டேன் என்று இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் சார்ஜர் செய்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. சேர்ந்தேன். கிழக்கு வெளுக்கிற நேரத்துக்கு உத்திரமேரூரில் பஸ் கிளம்பும். முழுக்கப் பெண்கள். யார் சீட்டு எது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒருத்தி சீட்டில் இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பூரா இரண்டு பேர் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

டிரைவர் தணிகாசலம் அண்ணன். பஸ் யாரோ கான்ட்ராக்டருடையது. அண்ணனைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார். ஓனரிடம் கெஞ்சிக் கூத்தாடி, முன் கண்ணாடியின் மேல்பகுதியில் தன் மகளின் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். துர்கா. ஸ்டியரிங்குக்குத் தினமும் பூ. சீட்டு உறைகளை வாரம் ஒருமுறை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக்கொண்டு வருவார். துவைப்பது அண்ணியாகத்தான் இருக்கும், பெருமை மட்டும் அண்ணனுடையது. பஸ்ஸில் அவர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். வாந்தி. ஒருமுறை ஒருத்தி ஜன்னல் கண்ணாடி மூடியிருப்பது தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அதிலிருந்து “அண்ணே, வயித்தப் பெரட்டுது” என்று யாராவது முனகினால் போதும், நடுரோடாக இருந்தாலும் பிரேக்கை மிதித்துவிடுவார்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மங்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

உத்திரமேரூரை விட்டால் எங்கள் பஸ்ஸுக்கு அடுத்த ஸ்டாப்பிங் திருப்புலிவனம். இரண்டுக்கும் நடுவில் ரோடு வளைகிற இடத்தில், ஒரு புங்கமரத்துக்குப் பின்னால், இருளர் குடும்பங்களின் வீடுகள். கொஞ்சம் கவர்மென்ட் கட்டிக்கொடுத்தவை, கொஞ்சம் கீற்று வேய்ந்தவை. வயல் வேலை, சூளை வேலை, கூப்பிட்ட கூலி வேலைக்குப் போகிறவர்கள். நாங்கள் எல்லோரும் அதைக் காலனி என்போம். அங்கிருந்து பத்தாவது பாஸ் செய்து கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்ட முதல் ஆள் மங்கா. ஒல்லியாக இருப்பாள், சத்தம் போட்டுப் பேசமாட்டாள். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லவும் மாட்டாள். காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால் அது நம் நஷ்டம்.

மங்கா பஸ் ஏற வேண்டியது திருப்புலிவனத்தில். அதாவது பஸ் அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும். அவள் அதற்கு முன்னாலேயே எழுந்து, செங்கல் சூளை நாய்களுக்குக் கையில் குச்சியோடு பதில் சொல்லிக்கொண்டே நடந்து, அடுத்த ஊரில் போய் நின்று அதே பஸ்ஸில் ஏற வேண்டும். சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தாள். ஒருநாள் நாய் தாவணியை இழுத்துக் கிழித்துவிட்டது. மறுநாளிலிருந்து அவள் நடக்கவில்லை. புங்கமரத்தடியில் நின்று கையைக் காட்டினாள். பஸ் போய்விட்டது. ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்தோம். அவள் கையை இறக்கவே இல்லை.

டவுன் பஸ் பிடித்து, காஞ்சிபுரத்தில் மாறி, கம்பெனிக்கு வருவதற்குள் லேட். அடுத்த நாளும் அதே இடம், அதே கை, அதே லேட். மூன்று முறை லேட்டானால் வேலை கிடையாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். எச்.ஆர். சார் கூப்பிட்டுவிட்டார். என் லாக்கர் சாவி தொலைந்த விஷயமாக நானும் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் நெய்வேலி பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் வேண்டும் அவருக்கு.

“எல்லாரும் ஸ்டாப்பிங்ல வந்துதானே ஏர்றாங்க? உனக்கு மட்டும் என்ன?”

“பஸ்ஸு எங்க வூட்டு எதிர்லதான் சார் போவுது. நின்னா ஏறிக்கிறேன்.”

“லிஸ்ட்ல இல்லாத இடத்துல எப்படிம்மா நிக்கும்?”

“டயரு கீது, பிரேக்கு கீது. நிக்கும் சார்.”

சார் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து, “ஷீ ஈஸ் வெரி அடமென்ட்” என்றார். இன்னும் ஒரு நாள் லேட்டானால் வர வேண்டாம் என்று மங்காவிடம் தமிழில் சொன்னார். கெட்ட செய்தி எப்போதும் தமிழில்தான் வரும், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

வெளியே வந்ததும் மங்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாவோ இங்கிலீஷ்ல சொன்னாரே, இன்னாடி அது?” ஒரு வருஷம் ஆங்கிலம் படித்தவள் என்ற பெயர் எனக்கு பஸ்ஸில் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் பட்ட பாடு தனிக் கதை. அந்தச் சொல் எனக்கு அன்றைக்குத்தான் அறிமுகம். அடம் என்று ஆரம்பிக்கிறதே என்ற தைரியத்தில், “அடம் பிடிக்கிறவன்னு அர்த்தம்” என்று அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், குருட்டாம்போக்கில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். மனதை மாற்றிக்கொள்ளாத, இறங்கி வராத என்று போட்டிருந்தது. கூடவே, எதனாலும் வெட்ட முடியாத ஒரு கல்லுக்கும் அந்தக் காலத்தில் அந்தப் பெயர் உண்டு என்று இருந்தது. மறுநாள் வார லீவு, உத்திரமேரூர் சந்தையில் பார்த்தபோது அதையும் மங்காவிடம் சொன்னேன். அவள் யோசித்தாள்.

“ரோட்ல போட்டா பஸ்ஸு நிக்குமா?” என்றாள்.

எங்கள் பஸ்ஸில் அந்தச் சொல் அம்மை மாதிரிப் பரவியது. டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லையா, “அடமென்ட்டா கீதுடி, நீ தெறந்து குடு.” ஜன்னல் கண்ணாடி நகரவில்லையா, அடமென்ட். ஜடைக்கு அடங்காத முடி, உருட்டினால் உருளாத சப்பாத்தி மாவு, தீபாவளிக்கு ஊருக்கு அனுப்ப மறுக்கிற மாமியார், எல்லாம் அடமென்ட். கோமதி என்று ஒருத்தி இருந்தாள், எனக்குப் பக்கத்து சீட்டு, எங்கள் கூட்டத்தின் மூளை. அவள் மாதவிலக்கு வயிற்றுவலிக்கும் அதையே சொன்னாள். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் வந்து கேட்டிருந்தால் அகராதியில் ஒரு பக்கம் கூடியிருக்கும்.

நானும் அந்தச் சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு வருஷ ஆங்கிலப் படிப்பால் கிடைத்த ஒரே பழக்கம். பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மருமகளுக்குச் சொல்வார்கள். லைனில் வேலை செய்கிற பெண்களுக்குச் சொல்வார்கள். எங்கள் எம்.டி. ஒருமுறை கேன்டீனில் காலைக்கு உப்புமாதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, நாங்கள் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டும் மாற்றவில்லை. அவரை யாரும் அடமென்ட் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘சார் ரொம்ப ஃபர்ம்’ என்றார்கள். சொல்லின் பொருள் அகராதியில் இருக்கிறது. அது மேலேயிருந்து கீழே பார்த்துச் சொல்கிற சொல் என்பது அகராதியில் இல்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பு இருக்கட்டும். மூன்றாவது லேட் வந்தால் மங்காவுக்கு வேலை போய்விடும். அவளோ நடக்கமாட்டாள். “நட, கொஞ்ச நாளைக்கு நட” என்று அன்றைக்குச் சந்தையிலேயே கெஞ்சினேன். “நீ நடக்கிறியா?” என்று கேட்டாள். நான் நடக்கவில்லைதானே. 

லீவு முடிந்து மறுநாள் காலை பஸ் உத்திரமேரூரைத் தாண்டியது. தூரத்தில் புங்கமரம், அதன்கீழே மங்கா, நீட்டிய கை. அண்ணன் வேகத்தைக் குறைக்கிற மாதிரி தெரியவில்லை. என் பக்கத்தில் கோமதி திடீரென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் பிதுங்கியது. “அண்ணே! வாந்தி!”

பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கதவு திறந்தது. கோமதி தாவணியைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி, புதருக்குப் பக்கத்தில் குனிந்து, கேட்கிறவர்கள் குடலைப் புரட்டுகிற மாதிரி சத்தம் கொடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு ஏறினாள். அவளுக்கு முன்னால் மங்கா ஏறிவிட்டிருந்தாள்.

பிறகு முறை போட்டுக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒருத்தி. சிலருக்கு இயல்பாக வந்தது. எனக்கு வரவில்லை. என் முறை வந்த அன்று புதரருகே போய்க் குனிந்தால் சிரிப்புத்தான் வந்தது. தோள் குலுங்குவதைப் பார்த்து அண்ணன் பயந்துபோய், தானே தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். “பாவம், வெறும் வயித்துல வராதம்மா, ரெண்டு இட்லியாவது துன்னுட்டு வா” என்றார். அவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றுகிறோமே என்றிருந்தது. ஆனால் மங்கா சரியான நேரத்துக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போவதைப் பார்க்கையில் அது மறந்துபோகும்.

தினமும் ஒரே பஸ்ஸில் வாந்தி என்று கம்பெனிக்குச் செய்தி போயிற்று. நர்ஸ் மாத்திரை கொடுத்தார். பஸ்ஸுக்கு வாரம் ஒரு பை எலுமிச்சம்பழம் கம்பெனி செலவில் வந்தது. முகர்ந்து பார்த்துக்கொண்டு வரத்தான் கொடுத்தார்கள். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த வருஷம் ஊறுகாய் போட்டார்கள். எதற்கும் காரணம் கேட்கிற எச்.ஆர். சாருக்கு இது போதவில்லை. எல்லோருக்கும் அதே இடத்தில் ஏன் வருகிறது? பார்த்துவிடுவது என்று உத்திரமேரூருக்கு வந்து ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் எங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்றைக்கு முறை யாருடையது என்றே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. சார் முன் சீட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குள் எஞ்சின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் எங்கள் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வந்து கல்வெட்டைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்ட ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் இருந்தும், ‘சார், இங்கே ஒரு பெண் நிற்கிறாள், பஸ்ஸை நிறுத்துங்கள்’ என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. புங்கமரம் நெருங்கியது. கோமதி என் கையைக் கிள்ளினாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

பஸ் தானாக நின்றது.

தினம் தினம் நின்று நின்று அண்ணன் காலுக்கே பழகிவிட்டது. கதவையும் திறந்துவிட்டார். திறந்து வைத்துவிட்டு, பின்னால் திரும்பி, “இன்னிக்கு யாருக்குமா?” என்றார். யாருக்குமில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்தார். வெளியே நிற்கிற மங்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ கணக்குக் கூடிவந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“ஏன் நிறுத்தினீங்க?” என்றார் எச்.ஆர். சார்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சார்... எனுக்குத்தான் சார் ஒரு மாதிரி கீது” என்று சொல்லிக்கொண்டே தன் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்தார். பஸ்ஸுக்கு முன்னால் ஓடி, சாருக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் குனிந்தார். எங்கள் எல்லோரையும்விட மோசமான நடிப்பு. மாட்டை ஓட்டுகிற சத்தம் மாதிரி வந்தது. நடுவில் ஒருமுறை திரும்பி, மங்கா ஏறிவிட்டாளா என்று வேறு பார்த்தார். நாங்கள் தலையை முன் சீட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தோம்.

சார் வெகுநேரம் அந்த வளைவையே பார்த்தார். ஃபைலைத் திறந்து ஏதோ வரைந்தார். ஓட்டுகிறவனுக்கே வருகிறது என்றால் தப்பு ரோட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. வளைவில் பஸ் இரண்டு நிமிஷம் நின்று, எல்லோரும் காற்று வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். போகும்போதும் வரும்போதும். அந்த நேரத்தில் யார் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. நாங்கள் பஸ்ஸே அதிரக் கைதட்டினோம். அண்ணன் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மங்காவுக்கு அந்தப் பட்டம் சும்மா கிடைத்தது என்றாகியிருக்கும்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். சாயந்திரம் திரும்புகையில் பாதிப் பேர் தூங்கிவிடுவோம் என்பதால், ஒவ்வொரு ஊர் வரும்போதும் பெயரைச் சொல்லிக் கத்துவார். புது ஸ்டாப்பிங் வந்த முதல் நாள், திருப்புலிவனம் தாண்டியதும், உற்சாகமாக, “வாந்தி ஸ்டாப்பிங் எறங்கு!” என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான். மங்கா சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“எறங்கும்மா, உன் ஸ்டாப்பிங்குதான்.”

“எங்க ஊருக்குப் பேரு கீதுண்ணே. அத்த சொல்லு, எறங்குறேன்.”

“சரி, காலனி எறங்கு.”

“எந்த காலனி? உத்திரமேரூர்லகூட ஹவுசிங் போர்டு காலனி கீது.”

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அவள் ஊருக்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டு கோமதியிடம் கிசுகிசுத்தேன். அவளுக்கும் தெரியாது. சின்ன வயதிலிருந்து அந்த வழியாகப் போகிறோம், வருகிறோம்.

“கன்னியம்மன் நகரு” என்றாள் மங்கா. “எங்க சாமி பேரு. நாங்களா வச்சிக்கினது.”

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இவள் வேலைக்காகத் தான் அத்தனை பேர் முன்னால் குனிந்து கத்தியது அவர் மனதில் ஓடியிருக்கும். “இத்தினி பண்ணியும் பேஜார் பண்றியே” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். மங்காவும் பேசாமல் உட்கார்ந்து உத்திரமேரூர் வரை வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தாள். சூளை நாய்க்காக நடக்கமாட்டேன் என்றவள்.

மறுநாள் காலை பஸ் புங்கமரத்தடியில் நின்றது. கதவு திறந்தது. மங்கா கீழே நிற்கிறாள். ஏறவில்லை.

“ஏறும்மா.”

“எந்த ஊருன்னு சொல்லுண்ணே.”

எங்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. இந்த முறை நடிப்பு இல்லை. இன்றைக்கு விட்டால் மூன்றாவது லேட், வேலை போச்சு. அந்த ஐ.டி. கார்டை அவள் அம்மா தினமும் துடைத்துச் சாமி படத்துப் பக்கத்தில் மாட்டி வைப்பாளாம். ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டிக் கத்தினோம். “ஏறுடி! சாயந்திரம் பேசிக்கலாம்! பேருல இன்னாடி கீது!” கடைசியாகச் சொன்னது நான். மங்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சும்மா பார்த்தாள். இரண்டு நிமிஷமும் ஓடிவிட்டது. அண்ணன் கியரைப் போட்டார்.

பஸ் நகர்கிறபோது மங்கா முன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை. “வண்டிக்கே பேரு வச்சிக்கிறியேண்ணே. நாங்க மன்சங்கதானே?”

பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். துர்கா என்ற எழுத்தின் பின்பக்கம் கண்ணாடி வழியாக அவருக்கு எப்போதும் தெரியும். ஒருவேளை அதைத்தான் பார்த்தாரோ என்னவோ. பிறகு ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, திருப்புலிவனத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

“கன்னியம்மன் நகர்! கன்னியம்மன் நகரெல்லாம் ஏறு! ஏறித் தொலைம்மா தாயே!”

மங்கா ஓடிவரவில்லை. நடந்தே வந்து ஏறினாள். படிக்கட்டில் நின்று, “தேங்ஸ்ண்ணே” என்றாள். அண்ணன் கதவை மூடினார். நான் அழுதுவிட்டேன். ஏன் என்று கோமதி கேட்டதற்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்றேன்.

அதற்கப்புறம் அண்ணனுக்கு அந்தப் பெயர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. மற்ற ஊர்களை ஒரு தடவை சொல்லுவார், அதை மட்டும் இரண்டு தடவை இழுத்துச் சொல்லுவார். ஏதோ பெரிய ஜங்ஷன் வருகிற மாதிரி இருக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து ஏமாந்துபோவார்கள். மங்காவைப் பார்த்து அவள் சித்தி மகள் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு இன்னும் இரண்டு பேர். புங்கமரத்தடியில் நாலு பேர் நிற்கிற காலமும் வந்தது. எச்.ஆர். சார் மட்டும் கடைசிவரை அந்த வளைவில் ஏதோ கோளாறு இருப்பதாகவே நம்பினார்.

கம்பெனியை ஒருநாள் மூடிவிட்டார்கள். ஆர்டர் இல்லையாம், மெஷினெல்லாம் வேறு ஊருக்குப் போகிறதாம். கடைசி நாள் சாயந்திரம் பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. அதனாலோ என்னவோ அண்ணனும் ஊர்ப் பெயர் எதையும் சொல்லவில்லை. அவரவர் இடம் வந்ததும் எழுந்து, கட்டிப்பிடித்து, அழுது, இறங்கினார்கள். திருப்புலிவனம் தாண்டியது. வளைவில் பஸ் நின்றது. சித்தி மகளும் மற்ற இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். மங்கா உட்கார்ந்தே இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நான் தோளைத் தொட்டேன். அவள் அழவில்லை.

“அண்ணே” என்றாள். “இன்னும் ஊரு வர்லியா?”

அண்ணன் திரும்பாமலே துண்டால் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். அன்றைக்கு மூன்று தடவை சொன்னார். சாலையில் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று பார்த்தார். மங்கா எழுந்து, சீட்டு உறையை இழுத்துச் சரிசெய்துவிட்டு இறங்கினாள்.

அந்த பஸ் இப்போது எந்த ஊரில் ஓடுகிறதோ, ஓடுகிறதோ இல்லையோ. அண்ணன் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுவதாகக் கேள்வி. கோமதியின் நம்பருக்குப் போட்டால் யாரோ ஒருவர் எடுத்து, ராங் நம்பர் என்று எரிந்து விழுகிறார். மூடி திறக்கவில்லை என்றால் அடமென்ட் என்று சொல்கிற ஆட்கள் இந்தப் பூமியில் இப்போது எங்கும் இல்லை. ஒருநாள் ஸ்கேன் சென்டரில் பிரின்டரைப் பார்த்து அப்படிச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரோட்டை அகலப்படுத்தும்போது வளைவை நேராக்கிவிட்டார்கள். புங்கமரம் போய்விட்டது. வண்டிகள் அந்த இடத்தில் இப்போது பறக்கின்றன.

மங்கா இப்போது அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். சென்ற மாதம் அவள் மகளுக்குக் காதுகுத்து. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, திருப்புலிவனத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். எங்கே என்று கேட்ட பையனிடம் கன்னியம்மன் நகர் என்றேன். அப்படி ஒன்று கிடையாது என்று அடித்துச் சொன்னான். அடையாளம் சொன்னேன். கொஞ்ச தூரத்தில் ஒரு புது விளம்பரத் தட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். மங்கா பட்டுப்புடவையில், ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, எனக்காக ரோட்டோரம் நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். ஆட்டோ கிளம்பிப் போனது.

“இன்னா பேரு சொல்லி நிறுத்துனான்?” என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. “காலனி எறங்குன்னான்” என்றேன்.

மங்கா என் கையை விட்டாள்.

“எறங்கிட்டியா?” என்றாள்.